அண்ட்ரொயிடிலிருந்து ஐபோனுக்கு: பழைய கைபேசியை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

கேள்வி: நான் பல ஆண்டுகளாகச் சாம்சங் கைபேசி ஒன்றைப் பாவித்து வருகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, தான் பாவித்த ஐபோன் 15 ஐ ஊருக்கு வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்கிறார். பேஸ்டைமில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்பது அவருடைய ஆசை. காலமான அப்பாவின் குரல் பதிவுகளும் பாடசாலைக் குழுக்களின் உரையாடல்களும் என் வட்ஸ்அப்பில் இருக்கின்றன. கூகுள் டிரைவில் காப்புப் பிரதி இருப்பதால் அவை புதிய கைபேசிக்குத் தாமாகவே வந்துவிடும் என்று உடன் கற்பிக்கும் ஒருவர் சொன்னார். அது சரியா?
– ஆசிரியை ஒருவர், உரும்பிராய்

பதில்: சரியன்று. இந்த நம்பிக்கையில் பழைய கைபேசியை அழித்துவிட்டால் அப்பாவின் குரலை இழக்க நேரிடலாம் என்பதால் இதையே முதலில் சொல்கிறேன். அண்ட்ரொயிட் கைபேசியிலிருந்து கூகுள் டிரைவில் சேமிக்கப்பட்ட வட்ஸ்அப் காப்புப் பிரதியை ஐபோனால் மீட்டெடுக்க முடியாது. ஐபோன் தன் காப்பை அப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுட்டில் வைக்கிறது. ஒன்றின் காப்பு மற்றதற்குப் பயன்படாது.

ஆனால் வேறு வழி இருக்கிறது. அப்பிள் நிறுவனத்தின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலி மூலம் அண்ட்ரொயிடில் உள்ள வட்ஸ்அப் உரையாடல்களை நேரடியாக ஐபோனுக்கு மாற்றும் வசதி 2022 இல் வந்தது. அச்செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து உங்கள் சாம்சங்கில் இறக்கிக்கொள்ள வேண்டும். இதில் பலரும் தவறவிடுவது ஒரு நிபந்தனையை: ஐபோன் புத்தம் புதியதாகவோ, முழுமையாக அழிக்கப்பட்டு ஆரம்ப நிலையில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். ஐபோனை முதன்முதலாக இயக்கி அமைக்கும்போது, அண்ட்ரொயிடிலிருந்து தரவை மாற்றுவதா என்று கேட்கும் கட்டத்திலேயே இதைச் செய்ய வேண்டும். ஆர்வத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டி, படம் எடுக்கவும் செயலிகளை இறக்கவும் தொடங்கிவிட்டால், மீண்டும் ஐபோனை முழுவதும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதே மீதியாகும்.

மாற்றும் வேளையில் இரண்டு கைபேசிகளும் மின்னேற்றியில் இருக்கட்டும். சாம்சங்கின் திரையில் அந்தச் செயலியை விட்டு வேறொன்றுக்குப் போகாதீர்கள். இடையில் வரும் ஓர் அழைப்புகூட வேலையைக் குழப்பிவிடும் என்பதால், வீட்டார் எல்லோரும் உங்களைத் தேடாத ஒரு விடுமுறை நாளைத் தெரிந்தெடுங்கள். மின்தடை அறிவிக்கப்பட்ட நாள் வேண்டாம். எல்லாம் முடிந்தபின் ஐபோனில் வட்ஸ்அப்பைத் திறந்து, பழைய அதே தொலைபேசி எண்ணால் உட்செல்லுங்கள். அழைப்பு விபரங்கள் வராது. உரையாடல்களும் படங்களும் குரல் பதிவுகளும் வரும். மாற்றிய பின்னரும் சாம்சங்கில் உள்ள பிரதி, நீங்களாக அழிக்கும் வரை அங்கேயே இருக்கும். ஆகவே அப்பாவின் பதிவுகளை ஐபோனில் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு உறுதிசெய்யும் வரை சாம்சங்கை விற்கவோ, பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ வேண்டாம். அந்தப் பதிவுகளை மட்டும் தனியாக ஒரு கணினியிலும் பிரதி செய்து வையுங்கள். எந்தக் கைபேசியை நம்பியும் அவற்றை ஒரே இடத்தில் விடாதீர்கள்.

தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், கமராப் படங்கள், நாட்காட்டி ஆகியவற்றையும் அதே செயலி கொண்டுவரும். பாட்டுகள், பிடிஎப் கோப்புகள் போன்றவற்றை நீங்களே மாற்ற வேண்டும். சாம்சங்கில் மெமரி கார்ட் இருந்தால் அதிலுள்ளவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐபோனில் அதற்கு இடமில்லை, எல்லாம் உள் நினைவகத்திலேயே அடங்க வேண்டும். பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஐபோனுக்கு வராது. வங்கிச் செயலிகளில் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். அதற்கான இரகசிய இலக்கம் உங்கள் சிம்முக்கே வரும் என்பதால் சிம் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுவது பற்றிக் கவலை வேண்டாம்: தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் 2013 இல் வந்த ஐஓஎஸ் 7 (ஐஓஎஸ் என்பது ஐபோனின் இயங்குதளம்) முதல் ஐபோனிலேயே உள்ளன. ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்கள் மட்டும் அங்கும் குழம்பியே தெரியும்; அவற்றைக் கணினியிலேயே பிடிஎப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

தம்பி கைபேசியைக் கொடுத்தனுப்பும் முன் செய்ய வேண்டியவையும் உண்டு. அவர் தன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்த கைபேசியைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியை நிறுத்தி, பின்னர் முழுவதையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே திறக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டப்பட்டே கிடக்கும். கனடாவில் 2017 டிசம்பர் முதல் விற்கப்படும் கைபேசிகள் எந்த வலையமைப்புக்கும் பூட்டப்படாதவையாக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆயினும் அமைப்புகளில் ‘எபௌட்’ பகுதியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று காட்டுகிறதா என அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கனடாவில் விற்ற ஐபோன் 15 இல் சிம் அட்டைக்கு இடமுண்டு. அமெரிக்காவில் விற்பவற்றில் ஐபோன் 14 முதலே அது கிடையாது, அட்டையின்றிக் கைபேசிக்குள்ளேயே பதியும் ஈ-சிம் மட்டுமே. இங்கே பாவிப்பதற்கான பதிவு பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

பேஸ்டைமுக்காக மட்டும் மாறுவதென்றால் தேவையில்லை. 2021 இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஐபோன் வைத்திருப்பவர் ஓர் இணைப்பை அனுப்பினால் அண்ட்ரொயிட் கைபேசியின் உலாவியிலேயே அந்த அழைப்பில் சேரலாம். ஆனால் உங்கள் சாம்சங்குக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுபோயிருந்தால், தம்பி தரும் கைபேசியை வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: நகரக் கடையொன்றில் பாவித்த ஐபோன் எக்ஸ்ஆர் மலிவாகக் கிடைக்கிறது. அதே காசுக்குப் புதிய அண்ட்ரொயிட் வாங்கலாம். எதை வாங்க?
– மாணவர், நெல்லியடி

பதில்: அண்ட்ரொயிடிலேயே இருங்கள். 2025 இல் வந்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11 முதலான கைபேசிகளுக்கு மட்டுமே. எக்ஸ்ஆர் அதில் இல்லை. வங்கிச் செயலிகள் காலப்போக்கில் பழைய பதிப்புகளைக் கைவிடும்போது முதலில் பாதிக்கப்படுவது இத்தகைய கைபேசிகளே. மாறாக, சாம்சங் தன் கலக்ஸி ஏ16 க்கு ஆறு ஆண்டு மேம்படுத்தல்களை உறுதியளித்திருக்கிறது.

எதை வாங்கினாலும், காசு கொடுக்கும் முன் *#06# என்று அழுத்தி, அந்தக் கைபேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணைப் பார்த்துப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். IMEI என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், ஆணைக்குழுவின் பதிவில் அது உள்ளதா என்று பதில் வரும். பற்றுச்சீட்டில் அந்த எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் அழைக்கலாம். பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், கடைக்காரர் “அடுத்த கிழமை வாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே போனால் காத்திராதீர்கள்.