பிடரியில் செல் துண்டு: காந்தச் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. இப்போது நடக்கிறார், ஆனால் வலது கை விரல்கள் பாதிதான் விரிகின்றன. தலையில் காந்தம் வைத்துக் கையை இயங்கவைக்கும் சிகிச்சை சென்னையில் இருக்கிறதாம். இல்லையென்றால் தலையில் மாட்டும் சின்ன மின்கருவி ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். 2009 போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு அப்பாவின் பிடரியில் இன்னும் இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

காந்தத் தூண்டலில், எட்டு வடிவில் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளை மண்டையின் மேல் பிடிப்பார்கள். அதில் மின்சாரம் கணப்பொழுது பாயும்போது எழும் காந்தப்புலம், மண்டையோட்டைத் தாண்டி மூளையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். சுருளுக்கு நேர் கீழே அதன் வலு 1.5 முதல் 2 தெஸ்லா வரை இருக்கும். சில சென்றிமீற்றர் தள்ளினாலே வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே காலிலோ இடுப்பிலோ கிடக்கும் துண்டு இதற்குப் பொதுவாகத் தடையில்லை. தலையிலும் கழுத்திலும் இருந்தால் அப்படிச் சொல்லமுடியாது: உலோகம் சூடாகலாம், இரும்பாக இருந்தால் இழுபடலாம். எம்.ஆர்.ஐ. இன்னும் கடுமை. அது முழு உடம்பையும் காந்தத்துக்குள் வைப்பதால், அங்கே கால் துண்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

செல் பட்ட உடம்பில் ஒரு துண்டுதான் என்று மனக்கணக்குப் போடவேண்டாம். தோலில் தழும்பே தெரியாமல் சின்னத் துண்டுகள் உள்ளே கிடக்கும். பாரிசவாதம் வந்த அன்று எடுத்த சி.ரி. ஸ்கான் படம் இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். உலோகம் அதில் வெள்ளைக் கீறல்கள் தெறித்ததுபோல் தெரியும். கழுத்துப் பகுதி அந்தப் படத்தில் வந்திருக்காது. அதற்கு நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு எக்ஸ்ரே போதும். வலிப்பு வந்ததுண்டா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, நித்திரைக்கோ வலிக்கோ அமிற்றிப்ரிலின், ட்ரமடோல் குடிக்கிறாரா என்பதையும் எழுதி வையுங்கள். இந்த இரண்டு மருந்துகளும் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. ஆனால் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

தடை ஒன்றும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பலன் எவ்வளவு? வலது கையை ஆள்வது மூளையின் இடது பாதி. அது அடிபட்டதும் வலது பாதி அதை மேலும் அமுக்குகிறது என்பது ஒரு கருத்து. அதனால் நல்ல பக்கத்தை நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் சுமார் 20 நிமிடம் தூண்டி அடக்குவார்கள், அல்லது அடிபட்ட பக்கத்தை வேகமான துடிப்பால் எழுப்புவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 199 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், நல்ல பக்கத்தை அடக்கிய குழுவில் 67 சதவீதமானோருக்குக் கை தேறியது. பொய்த் தூண்டல் (தூண்டுவதுபோல் வெறும் பாவனை) கொடுத்த குழுவில் 65 சதவீதம். அவர்கள் எல்லோருமே உங்கள் அப்பாவைப்போல் 3 முதல் 12 மாதம் கடந்தவர்கள். இரண்டு குழுவுக்கும் பொதுவாக இருந்தது கைப் பயிற்சி. சிறிய ஆய்வுகள் சில நல்ல பலன் காட்டியிருக்கின்றன என்பதும் உண்மை; ஆனால் நகையை அடகு வைத்துச் சென்னைக்குப் போகும் அளவுக்கு இல்லை.

அண்ணா சொல்லும் மின்கருவி வேறு வகை. உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக 1 முதல் 2 மில்லி அம்பியர், 20 நிமிடம். பஞ்சு காய்ந்தால் தோல் சுடுபட்டுப் புண்ணாகும். தலையில் உலோகம் இருந்தாலோ, ஒப்பரேசனில் மண்டையோட்டில் ஓட்டை விழுந்திருந்தாலோ மின்னோட்டம் எந்த வழியாகப் பாயும் என்று வீட்டில் இருந்து சொல்லமுடியாது. வாங்கி அனுப்பவேண்டாம்.

பாதி விரல் விரிவது நல்ல முதல். அப்பாவைக் கதிரையில் இருத்தி, முதுகு முன்னே சாயாமல் நெஞ்சைச் சால்வையால் சாய்மானத்தோடு தளர்வாகக் கட்டுங்கள். கட்டாவிட்டால் கைக்குப் பதில் உடம்பே முன்னே போய் வேலையை முடித்துவிடும். மேசையில் சுளகு நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு சிரட்டை. ஒவ்வொன்றாக எடுத்துப் போடவேண்டும். எடுப்பதைவிட விரலை விரித்து விடுவதுதான் கடினம், அதில்தான் கவனம். காலை, மதியம், பின்னேரம் என்று மூன்று தரம், முதல் கிழமை தரத்துக்கு 30, பிறகு 100 வரை கூட்டுங்கள். எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். இலகுவாகிவிட்டால் மஞ்சாடிக்கு மாறுங்கள், பிறகு நெல்லுக்கு.

இறப்பர்ப் பந்தை நசுக்கவேண்டாம். இறுகும் கையை அது இன்னும் மூடத்தான் பழக்கும். மணிக்கட்டை 20 பாகை, விரல்களை 10 பாகை மேலே தூக்க முடிந்தால், நல்ல கைக்குக் கையுறை போட்டு வலது கையாலேயே வேலை செய்யவைக்கும் முறையும் உண்டு. அதை இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்த்துத் தொடங்கட்டும். நடக்கும்போதும் அடுப்படியிலும் உறையைக் கழற்றிவிடவேண்டும். எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும்.

அண்ணாவிடம் கருவிக்குப் பதிலாக, இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய்வர ஓட்டோக் காசு கேளுங்கள்: கிழமைக்கு இரண்டு தரம், மூன்று மாதத்துக்கு.