ரிமோட் ஹெலிகாப்டரில் 450 சைஸ் பிளேடை விட 700 சைஸ் பிளேடு நீளத்தில் இரண்டு மடங்குதானே? விலை மட்டும் ஏன் பல மடங்கு?

நீங்கள் 450-லிருந்து 700-க்கு மாறப்போகிறீர்கள், விலையைப் பார்த்து மலைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அநியாய விலையாகத்தான் தெரியும். பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டில் விழும் இழுவையை வைத்துப் பாருங்கள்.

450-இல் மாட்டும் 325 மி.மீ. பிளேடு ஒன்று சுமார் 35 கிராம். நிமிடத்துக்கு 2800 சுற்றில் அது கிரிப்பை (பிளேடைப் பிடிக்கும் பாகம்) ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கும். 700 பிளேடு 190 கிராம் போல இருக்கும். 2000 சுற்றிலேயே 330 கிலோவைத் தாண்டும். அத்தனையையும் தாங்குவது ஒரே ஒரு 5 மி.மீ. போல்ட்டும், அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள கார்பன் இழையும்தான். சின்ன சைஸில் மரம், கண்ணாடி இழை எல்லாம் ஓடும். 700-இல் 3டி (தலைகீழாகவும் புரட்டியும் செய்யும் சாகசம்) பறக்க வேண்டுமானால் நல்ல கார்பன் இல்லாமல் ஆகாது.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. இரண்டு பிளேடும் ஒரே எடை இருந்தால் மட்டும் போதாது, எடை மையமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 700-இல் நுனியில் 1 கிராம் வித்தியாசம் இருந்தாலே மூன்றரை கிலோ விசை தண்டை ஒவ்வொரு சுற்றிலும் உலுக்கும். பேரிங் போகும், ஹெலிகாப்டரை நிலையாக வைக்கும் ஜைரோ சென்சார் குழம்பும். அதனால் பல பிளேடுகளை எடை போட்டு, அளந்து, ஒத்துப்போவதைத்தான் ஜோடியாக்க முடியும். போதாததற்கு, விற்பனையும் குறைவு. ஒவ்வொரு நீளத்துக்கும் தனி உலோக அச்சு வேண்டும், அந்தச் செலவு சில ஜோடிகள் மேலேயே விழுகிறது. நீளப் பெட்டி என்பதால் கூரியரும் எடைக்கு அல்ல, பெட்டியின் கன அளவுக்குப் பணம் கேட்கும்.

"எல்லாம் பிராண்டுக்குக் கொடுக்கும் காசு" என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மலிவு ஜோடி வாங்கினால் அந்தச் சரிபார்ப்பு வேலை உங்கள் தலையில். முதலில் ஒவ்வொன்றின் எடை மையத்தையும் கத்தி விளிம்பில் வைத்துக் குறியுங்கள். குறி ஒத்துப்போகும்வரை டேப் ஒட்டுங்கள். மொத்த எடை வித்தியாசத்தை அதன் பிறகு, எடை மையத்தின் மேலேயே டேப் ஒட்டிச் சரிசெய்யுங்கள். வரிசை மாறினால் முதலில் செய்தது கெட்டுவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விழுந்த பிளேடுக்குப் பசை தடவி, "லேசான கீறல்" என்று செகண்ட்ஹேண்டில் விற்கிறார்கள். மனிதர்கள் நிற்கும் மைதானத்தில் நுனி மணிக்கு 600 கி.மீ. அளவில் சுற்றும் பொருள் அது. வாங்கும்முன் வேர்ப்பகுதியை (போல்ட் ஓட்டை உள்ள முனை) மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். 'நொறுக்' என்று சத்தம் வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள். உங்களுடையதே அப்படி ஆகிவிட்டால், இரண்டாக வெட்டிப் போடுங்கள். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.