போலீஸ் வண்டி செக்கிங் நடக்கும் இடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் கேஸ் ஆகுமா?

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்க டிரைவர் குரூப்பில் காலையிலேயே வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும்: “வேலந்தாவளத்துல நிக்கிறாங்க, பார்த்து வாங்க.”

செக்கிங் இடத்தைச் சொல்லக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. ஆனால் அரசு ஊழியரின் வேலையை வேண்டுமென்றே தடுத்ததாகச் சொல்லி, பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 221-ஆம் பிரிவில் வழக்குப் போட வழி இருக்கிறது. 3 மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். வெறும் வாய்ஸ் மெசேஜ் ‘தடுப்பது’ ஆகுமா என்பதை வக்கீல்கள் வாதாட வேண்டும்.

சரி, ஹெல்மெட் போடாதவர் தப்பினால்கூடப் பரவாயில்லை என்பேன். குடித்துவிட்டு வருபவரும் அதே வாய்ஸைக் கேட்டுத்தான் தென்னந்தோப்புச் சந்தில் வண்டியைத் திருப்புகிறார். அதனால் நான் ஃபார்வர்டு செய்வதில்லை.