செவ்வாய்க்கிழமையின் யோபு

அன்புள்ள ஐயா,

தினமும் வேலைக்குப் போகும் பேருந்தில், கத்தோலிக்கத் திருப்பலியில் அன்றைக்கென்று குறிக்கப்பட்ட விவிலிய வாசகங்களைக் கைபேசியில் படிப்பது என் வழக்கம். அதிலிருந்து ஒரு வசனத்தை அந்த நாளுக்கென்று எடுத்துக்கொள்வேன். 2022 செப்டம்பர் 27 அன்று என் மகனுக்கு வேலைக்கான நேர்காணல். அன்றைய முதல் வாசகம் யோபு நூலின் மூன்றாம் அதிகாரம், தான் பிறந்த நாளையே யோபு சபிக்கும் பகுதி. மனம் பதறிவிட்டது. வேலையும் கிடைக்கவில்லை. அதன்பின் வாசகங்களைத் திறக்கவே பயமாக இருக்கிறது. முதல் வாசகம் ஒன்று சொல்ல நற்செய்தி வேறொன்று சொல்வதும் எனக்குக் குழப்பம். வாசகங்களை அன்றாட வாழ்க்கையோடு பொருத்திப் படிக்க ஒரு நல்ல விளக்க நூல் சொல்வீர்களா? கைபேசியில் படிப்பது சரிதானா?

ஜெ., திருச்சி

அன்புள்ள ஜெ. அவர்களுக்கு,

பிள்ளையின் நேர்காணல் நாளில், பேருந்து நெரிசலில், அந்த வரிகள் கண்ணில் பட்டால் எந்தத் தாய்க்கும் பதறும். அதில் தவறே இல்லை. அதற்காக இத்தனை வருடம் வாசகத்தையே மூடி வைத்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும்.

கைபேசியா புத்தகமா என்பது ஒரு கேள்வியே இல்லை. எதில் எழுத்து பெரிதாகத் தெரிகிறதோ அதில் படியுங்கள்.

நீங்கள் செய்துகொண்டிருந்தது ராசிபலன் பார்ப்பது. நம் வீடுகளில் இது பெருகிவிட்டது. புத்தாண்டு இரவில் வசனச் சீட்டு எடுக்கிறோம், விடிந்தால் வாட்ஸப்பில் பூப்படத்தின் மேல் ஒரு வசனம் வருகிறது. ஆறுதலாக இருந்தால் கடவுள் பேசினார், கடுமையாக இருந்தால் கெட்ட சகுனம். இரண்டாவதற்கு மட்டும் பயப்படுகிறீர்கள். முதலாவதும் அதே தவறுதான்.

அந்த வாசகம் அன்று ஏன் வந்தது? உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், விவிலியத்தின் செல்வங்களை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. 1969-இல் புதிய வாசக அட்டவணை வந்தது. ஞாயிறுக்கு மூன்றாண்டுச் சுற்று. பொதுக்கால (தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வாரநாட்களில் முதல் வாசகத்துக்கு இரண்டாண்டுச் சுற்று, நற்செய்தி மட்டும் ஆண்டுதோறும் அதேதான். இரட்டைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 26-ஆம் வாரம் யோபுவின் வாரம். முதல் வாசகம் ஒரு நூலை வரிசையாகக் கொண்டுபோகும், நற்செய்தி தன் வழியில் லூக்காவைத் தொடரும். இரண்டும் பொருந்த வேண்டும் என்று அந்த நாட்களில் யாரும் இணைக்கவில்லை. ஞாயிறு அப்படியில்லை. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகத்தை நற்செய்திக்கு ஏற்றபடிதான் தேர்ந்திருக்கிறார்கள். வாரநாளில் பொருத்தம் தேடித் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். சில அருள்பணியாளர்களும் மறையுரையில் இதைச் செய்கிறார்கள், கேட்கவே சிரமமாக இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 2022-இல் அந்த வாரத்தின் வியாழன் செப்டம்பர் 29. மிக்கேல், கபிரியேல், ரபேல் அதிதூதர்கள் விழா. விழாவுக்கென்று தனி வாசகங்கள் உண்டு. அதனால் அன்று வரவேண்டிய யோபு 19, தன் மீட்பர் வாழ்கிறார் என்று யோபு உறுதியாகச் சொல்லும் பகுதி, விடுபட்டது. 2026-இல் அதே விழா செவ்வாயில் விழுகிறது, விடுபடுவது யோபு 3. விழா எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்தா கடவுள் உங்கள் மகனுக்கு வேலை தருவார்?

அப்படியானால் வாசகத்துக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை நான் என் சித்தியிடம் கண்டேன்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அது திருத்தூதர் அந்திரேயா விழா. அன்றைய நற்செய்தி மத்தேயு 4: கடலில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களை இயேசு அழைக்கிறார், அவர்கள் வலையையும் படகையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது புயலுக்காகத் தேர்ந்த வாசகம் இல்லை, அந்திரேயா விழாவுக்கு உரியது. ஆனால் அன்று கடலில் இருந்தவர்களில் சித்தியின் இளைய மகனும் ஒருவன். அவன் திரும்பவில்லை.

மறு ஆண்டு அதே நாள் காலைத் திருப்பலியில் நான் அவள் பக்கத்தில் நின்றேன். வாசகத்தின் கடைசியில் செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படகையும் தந்தையையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். எத்தனை முறை கேட்டிருப்பேன்! அந்தத் தந்தையை நான் கவனித்ததே இல்லை. வெளியே வந்ததும் சித்தி கேட்டாள்: “பொறவு செபதேயு என்ன செஞ்சாரு? ஒத்தைக்கு வள்ளத்த எப்பிடி கரை சேத்தாரு?”

மாற்கு இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது செபதேயுவோடு கூலியாட்கள் இருந்ததாக எழுதுகிறார். மத்தேயுவில் அவர்கள் இல்லை, தகப்பன் மட்டும்தான். சித்தப்பா அப்போது மகனுக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். எந்த மறையுரையும் என்னை அந்தத் தகப்பனிடம் கொண்டுபோனதில்லை. சித்திக்கு விவிலிய வகுப்பு எதுவும் கிடையாது. சிறு வயது முதல் ஆண்டுதோறும் அந்தப் பகுதியைக் கேட்டவள், அவ்வளவுதான். அவளுக்கு என்ன நடந்ததோ அதோடு போய் அதைக் கேட்டாள். வாசகம் தனக்கு ஏதாவது நல்லது சொல்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. செபதேயுவுக்காகக் கவலைப்பட்டாள். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்திரேயா விழா வாசகம் எனக்கு இப்போது செபதேயுவின் வாசகம்.

நீங்கள் பேருந்தில் பார்த்ததும் ஒரு மனிதனைத்தான். பிள்ளைகளை ஒரே நாளில் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிறார். அவர் என்ன ஆனார் என்று ஒருநாள்கூடக் கேட்காமல், என் மகனுக்கு இது சகுனமா என்று பார்த்து மூடிவிட்டீர்களே!

சரி, விளக்க நூல். இப்போதைக்கு வேண்டாம். யோபு நூலையே முதலிலிருந்து படியுங்கள், ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் போதும். முக்கியமாக 42:7-ஐ விட்டுவிடாதீர்கள். அந்த வாரத்துச் சனிக்கிழமை 42-ஆம் அதிகாரம்தான் வாசகம், ஆனால் அந்த வசனம் அதில் வராது. யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசுவிடம் ஆண்டவர் பேசுகிறார். பக்தியாகப் பேசிய நண்பர்கள்மேல் சினம் கொள்கிறார். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபு என்கிறார். நீங்கள் பயந்துபோய் மூடிய அந்த மூன்றாம் அதிகாரத்தைப் பேசிய அதே யோபு.