கப்பல் ஜன்னல் வெளுத்துப்போனால் என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். 1:98 அளவில் (நிஜத்தில் 98இல் ஒரு பங்கு) 'விக்டரி' என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மர மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். பின்பக்க ஜன்னல்களுக்கு ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி, சொட்டு விட்டதும் பிடித்துக்கொள்ளும் பசையால் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லாம் பால் தெளித்ததுபோல வெளுத்துக் கிடந்தன. துடைத்தாலும் முழுதாகப் போகவில்லை. 'மியூசியம் தரக் கண்ணாடி செட்' ஆறாயிரம் ரூபாய்க்கு வரவழைத்துத் தருவதாக ஊட்டியில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கண்ணாடியையும் இதே பசையால் ஒட்டினால் அதுவும் வெளுக்கும். கோளாறு பசையில்தான், ஷீட்டில் இல்லை.

நீங்கள் போட்டது சயனோஅக்ரிலேட் வகை. அது இறுகும்போது ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் வழவழப்பான பரப்பில் வெள்ளைப் பொடியாகப் படியும். கப்பலின் உள்பகுதியோ மூடிய பெட்டி. ஆவி வெளியேற வழியே இல்லை. மேகம் வீட்டுக்குள் நுழையும் ஊரில் ஈரத்துக்கும் குறைவில்லை. வெளிப்பக்கப் படிவை, பஞ்சுக்குச்சியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து எடுக்கலாம். எண்ணெய் மரத்தில் படக் கூடாது. உள்பக்கப் படிவுக்குக் கை எட்டாது. அந்தத் துண்டுகளைப் பெயர்த்துவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகவேண்டாம். பெயின்ட் கரையும், ஷீட் அசிட்டேட் வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவும் கரையும்.

கண்ணாடிதான் வேண்டுமென்றால் மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப் (ஸ்லைடின்மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) போதும். ரத்தப் பரிசோதனை நிலையங்களில் புழங்கும் அதே பொருள். கோவையில் லேப் சாமான் கடைகளில் ஒரு பெட்டி சில நூறு ரூபாயைத் தாண்டாது. 'நம்பர் 1' என்று கேளுங்கள், தடிமன் 0.13 முதல் 0.16 மி.மீ. அதைத் தாங்கும் ஸ்லைடை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது 1 மி.மீ.க்கு மேல்; உங்கள் அளவில் பத்து சென்டிமீட்டர் கனமான ஜன்னல் ஆகிவிடும். 'மியூசியம் தரம்' என்று விற்கப்படுவது இதே கவர் ஸ்லிப்பாகவும் இருக்கலாம். விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தடிமன் எத்தனை மி.மீ.? கண்ணாடியா, அக்ரிலிக்கா? பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

வெட்டும்போது கிராஃப் தாளின்மேல் ஒரு தடித்த கண்ணாடித் தட்டை வைத்து, அதன்மேல் கவர் ஸ்லிப்பை ஓரங்களில் டேப் ஒட்டி நிறுத்துங்கள். கார்பைடு முனைக் கீறியால், எடையே கொடுக்காமல், ஒரே ஒரு கோடு. அதே கோட்டில் இரண்டாவது முறை இழுத்தால் நொறுங்கும். ஜன்னல் கடைக்காரரின் சக்கரக் கட்டர் இதற்கு ஆகாது. கோட்டுக்கு நேர் கீழே மெல்லிய கம்பியை வைத்து இருபுறமும் அழுத்தினால் பிரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தேவைக்கு இரண்டு மடங்கு வெட்டுங்கள், பாதி உடையும்.

சட்டத்தைவிடச் சுற்றிலும் 0.2 மி.மீ. சிறிதாகவே வெட்டுங்கள். மழைக்காலத்தில் ஊதியிருக்கும் மரத்தில் கச்சிதமாகப் பொருத்தினால், ஜனவரிப் பனியில் மரம் வற்றிச் சுருங்கிக் கண்ணாடியை நெரித்துவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை போதும். பல்குச்சி முனையில் தொட்டு, சட்டத்தின் உள்விளிம்பில் மட்டும் வையுங்கள். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சுமார் பத்து டிகிரிக்குக் கீழே இந்தப் பசை ஒழுங்காகப் படலமாகாமல், சுண்ணாம்புபோல வெளுத்தே காயும். மார்கழி இரவில் ஒட்டிவிட்டு மறுபடியும் எனக்கு எழுதாதீர்கள். பகலில் ஒட்டி, சமையலறை வெதுவெதுப்பில் 24 மணி நேரம் விடுங்கள்.

நிஜம்போலத் தெரிவதற்கு முக்கியம் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் இருட்டு. பகலில் எந்த வீட்டு ஜன்னலும் வெளியிலிருந்து கறுப்பாகத்தான் தெரியும். பளபளப்பில்லாத கருநீலச் சாம்பல் அட்டையை 5 முதல் 8 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். கண்ணாடியின் முதுகிலேயே பெயின்ட் அடித்தால் கரும்பலகை ஆகிவிடும். முழு வரிசைக்கும் ஒரே நீளத்துண்டு போடாமல் ஜன்னலுக்கு ஒரு துண்டாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் தலைமுடியளவு சாய்வு மாறி உட்கார்ந்தால் வெளிச்சம் ஒவ்வொன்றிலும் வேறுவிதமாக விழும். பிளாஸ்டிக் தோற்றம் போவது இதனால்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆசையையும் விடுங்கள். கப்பல் மாதிரியும் குழந்தையின் கிலுகிலுப்பையும் சுங்கத்துறைக்கு ஒரே தலைப்பு, 9503. பொம்மைக்கான வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. நாலு சதுரக் கண்ணாடிச் சில்லுக்கு இத்தனை வரி! இந்த எரிச்சலைக் காட்டித்தான் தரகர்கள் ஆறாயிரம் கேட்கிறார்கள்.

உள்ளே எல்.இ.டி. விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மேலே சொன்னதில் பாதி தலைகீழாகும். பின்னால் நிறுத்தச் சொன்ன கருநீல அட்டை வேண்டாம். முதலில் உட்சுவரில் கறுப்படித்து, அது காய்ந்தபின் வெள்ளை அடியுங்கள். கறுப்பு இல்லாவிட்டால் பலகை இடுக்குகளில் வெளிச்சம் ஒழுகும். தனித்தனித் துண்டுகளின் ஓர இடைவெளி விளக்கொளியில் பளிச்சென்று தெரியும். ஆகவே அப்போது ஒரு வரிசைக்கு ஒரே ஷீட். இங்க்ஜெட் ஓ.எச்.பி. ஷீட் கூடாது, அதன் பூச்சு மங்கலாகத் தெரியும், வெள்ளைப் பசையின் ஈரத்தில் கரையவும் செய்யும். லேசர் பிரின்டருக்கானதைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் சாயல் எல்.இ.டி. போடுங்கள், வெள்ளை எல்.இ.டி. பெட்டிக்கடை வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிடும். ஒயரை அடிப்பலகை வழியே இறக்கி, மேல்தளத்தின் ஒரு துண்டைக் கழற்றும்படி வையுங்கள். விளக்கு அணைந்தால் கை நுழையவேண்டும். அந்தத் துண்டையும் உடனடிப் பசையால் ஒட்டிவிடாதீர்கள்.