வெளிநாடு போன இடத்தில், இந்த வயதில் ஒருநாள் நடன வகுப்புக்குப் போகலாமா? ஆடத் தெரியாதவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

போகலாம், சேர்த்துக்கொள்வார்கள். கேள்வியில் ‘இந்த வயதில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் ஐம்பதைத் தாண்டியவர், மகனையோ மகளையோ பார்க்கப் போகிறீர்கள், பகலெல்லாம் பூட்டிய வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்று நானாக எண்ணிக்கொள்கிறேன். நாங்கள் அப்படித்தான் போனோம்.

நான் மதுரைக்காரன். அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 2024 நவம்பரில் நானும் மனைவியும் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். அங்கே அது வசந்த காலம். நடைபாதையெங்கும் ஜகராண்டா மரங்கள் ஊதாப் பூவை உதிர்த்திருக்கும். வீடு அல்மாக்ரோ பகுதியில். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மன்றம். அதன் மாடியில் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு டாங்கோ என்ற ஜோடி நடனத்துக்கு வகுப்பு. பெயர் பதிய வேண்டாம், மாதக் கட்டணம் கிடையாது. அன்றைக்கு வந்தால் அன்றைக்குப் பணம். அதே பணத்தில், வகுப்பு முடிந்தபின் நடக்கும் மிலோங்காவிலும் இருக்கலாம். மிலோங்கா என்றால் ஊர்க்காரர்கள் கூடி ஆடும் இரவு.

“நீங்கள் வராவிட்டால் நான் மட்டும் போகிறேன்” என்று மனைவி சொன்னதால்தான் நான் போனேன். பள்ளியில் கும்மியும் கோலாட்டமும் ஆடியவள் அவள். எனக்கு ஆட்டமே கிடையாது.

முதல் அரைமணி நேரம் நடன அடி எதையும் சொல்லித் தரவில்லை. நடக்கச் சொன்னார்கள். கூடத்தைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், வெறும் நடை. தி சார்லி இசைக்குழுவின் பழைய பதிவுகளைப் போட்டார்கள். தாளம் தெளிவாக விழும் என்பதால் புதியவர்களுக்கு அதைத்தான் போடுவார்களாம். பிறகு ஜோடியாக நிற்கச் சொல்லி, அணைத்துப் பிடிப்பதைக் காட்டினார்கள்.

இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ‘பேரன் எடுக்கும் வயதில் கட்டிப்பிடித்து ஆட்டமா’ என்று என் தம்பியே கேட்டான். அந்த அணைப்பில் ஆசை காட்டும் வேலை எதுவும் இல்லை. ஆணின் வலது கை பெண்ணின் முதுகில், பெண்ணின் இடது கை அவன் தோளைச் சுற்றி, மற்ற இரண்டு கைகளும் பக்கவாட்டில் கோத்திருக்கும். அடுத்த அடி எந்தப் பக்கம் என்பதை வாயால் சொல்ல முடியாது, நெஞ்சின் அசைவால்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த நெருக்கம். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் கலந்து வாழ்ந்த துறைமுக ஊர்களில் பிறந்த நடனம் அது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டு, 2009-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நம் பண்பாட்டை நான் யாருக்கும் குறைவாக மதிப்பவன் இல்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் நான் கண்ட மரியாதையை எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளிலும் எப்போதாவதுதான் கண்டிருக்கிறேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். “காம்பியோ தே பாரேஹா!” என்று ஆசிரியை குரல் கொடுத்தார். ஜோடி மாறுங்கள் என்று அர்த்தம். எல்லோரும் அடுத்தவரிடம் நகர்ந்தார்கள். நான் மனைவியின் கையை விடவில்லை. ஆசிரியை எங்களிடம் வந்தார், அறுபது வயதிருக்கும். துணைக்கு வந்திருந்த மகன் மொழிபெயர்த்தான்: “கணவனும் மனைவியும் ஒன்றாகவே நின்றால் ஒருவர் தப்பை ஒருவர் திருத்திக்கொண்டே இருப்பார்கள், கற்க மாட்டார்கள். கால்மணி நேரத்தில் உங்களிடமே திரும்பி வந்துவிடுவார்.” கையை முதலில் விடுவித்துக்கொண்டவள் என் மனைவிதான்.

அவள் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் போனாள். சேலை கட்டியிருந்ததால் பின்னோக்கி அடி வைக்கும்போது கொசுவம் தடுக்கியது. அதைச் சற்றுத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான்காவது அடியில் கண்ணை மூடிவிட்டாள். எதிரில் இருப்பவரை நம்பிப் பின்னால் நடக்கும் பெண்கள் பலரும் அங்கே கண்மூடித்தான் ஆடுகிறார்கள். முப்பத்துமூன்று வருட வாழ்க்கையில் மீனாட்சி சன்னதியில் தவிர வேறெங்கும் அவள் நின்றபடி கண்மூடி நான் பார்த்ததில்லை. எனக்கு அது வலித்தது. மறைக்க விரும்பவில்லை.

எனக்கு வாய்த்த அம்மையார் என்னைவிட உயரம். நான் அவரைக் கையால் தள்ளிக்கொண்டு போனேன். அவர் நின்றார், கோபப்படவில்லை. என் கைகளைத் தளர்த்திவிட்டு, தன் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து, இங்கிருந்து என்று சைகை காட்டினார்.

சொன்னபடியே மனைவி திரும்பி வந்தாள். இந்தக் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியதே இதற்குப் பிறகு நடந்ததுதான். தெருவில் எப்போதும் நான் முன்னால் போவேன், அவள் நாலடி பின்னால் வருவாள். திட்டமிட்ட பழக்கமில்லை, அப்படியே ஆகிவிட்டது. இங்கே அவள் எனக்கு முன்னால் இருக்கிறாள். அவள் கால் பின்னே போய், உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலுக்கு மாறிய பிறகுதான் நான் அடுத்ததைத் தொடங்க முடியும். அவசரப்பட்டால் அவள் விரலை மிதிப்பேன். இரண்டு முறை மிதித்தேன். மூன்றாவது முறை காத்திருந்தேன். அவள் பாரம் மாறுவது என் நெஞ்சுக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டு முடியும்வரை நாங்கள் வெறுமனே நடந்தோம், வேறு எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு வகுப்பில் என்ன கிடைத்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த ஒரு பாட்டு.

காலணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் அடி போட்டது வேண்டாம். திரும்பும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும், பாதிப்பு முழங்காலுக்குத்தான். தோல் அடியுள்ளது இல்லாவிட்டால் காலுறையோடு ஆடலாமா என்று கேளுங்கள். என்னை அப்படித்தான் ஆடவைத்தார்கள். பெண்கள் சுடிதார் அணிவது நல்லது; இரண்டாவது வாரம் மனைவி அதில்தான் வந்தாள்.

டிசம்பர் 11 அங்கே தேசிய டாங்கோ தினம். டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெல், டாங்கோ இசையமைப்பாளர் ஹூலியோ தே காரோ இருவரின் பிறந்தநாள். அன்றும் புதன்கிழமைதான். மன்றத்தில் விசேஷம் என்று எல்லோரும் எங்களை அழைத்திருந்தார்கள். எங்களால் போக முடியவில்லை. என் ஓய்வூதியம் வரும் வங்கிக் கிளையிலிருந்து முந்தைய நாள் ஒரு குறுஞ்செய்தி: வாழ்நாள் சான்றிதழ் வரவில்லை, ஓய்வூதியம் நிறுத்தப்படும். ஓய்வூதியர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் தாள் அது. புறப்படுவதற்கு முன், நவம்பர் முதல் வாரத்திலேயே நேரில் போய், வரிசையில் நின்று, எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கி வைத்தவன் நான். அந்த முத்திரைச் சீட்டைத் தேடிப் பெட்டிகளையெல்லாம் கொட்டினோம். இந்தியாவில் காலை பத்து மணிக்குக் கிளை திறந்தால் அங்கே இரவு ஒன்றரை. விழித்திருந்து அழைத்தால், “நேரில் வாருங்கள்” என்றார்கள். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறேன் என்றேன். மறுபடியும் “நேரில் வாருங்கள்.” மூன்று இரவு பேசிய பிறகு, படிவம் அவர்கள் மேசையிலேயே இருந்ததாகச் சொன்னார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை கிடையாது. ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதத்தைத் தவறாமல் சேர்த்தவன் கொடுத்த ஒற்றைத் தாளை ஓர் அலுவலகம் இப்படி வைத்திருந்ததை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேள்விக்குத் தொடர்பில்லாதது, தெரியும். வெளிநாடு போகும் ஓய்வூதியர்கள் முத்திரையிட்ட நகலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

மிலோங்காவுக்கும் இருந்து பார்க்க நினைத்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே பாட்டுகள் கொத்தாக வரும். டாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு. ஒரு கொத்துக்குத் தாந்தா என்று பெயர். அது முடிந்ததும் வேறு வகை இசை ஒரு துண்டு ஒலிக்கும், அப்போதுதான் எல்லோரும் இருக்கைக்குத் திரும்புவார்கள். ஆட அழைப்பதும் வாயால் இல்லை. தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். விருப்பம் இருந்தால் அழைக்கப்பட்டவரும் தலையசைக்கலாம், இல்லாவிட்டால் பார்வையை விலக்கிக்கொள்ளலாம். இரண்டாவது வாரம் அந்தப் பெரியவர் மனைவியை அழைத்தார். முதல் பாட்டு முடிந்ததும் இவள் நல்ல மனதோடு “கிராசியாஸ்” என்றாள். நன்றி. தாந்தா முடியுமுன் அப்படிச் சொன்னால் ‘உங்களோடு ஆடியது போதும்’ என்று பொருள். அவர் முகம் மாறாமல் இவளை இருக்கைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். விவரத்தை மகன் விளக்கியபோது இவள் அழுதேவிட்டாள்.

டிசம்பர் 18, ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்தது. கடைசியாகப் போனோம். மகன் வரவில்லை. பெரியவர் எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். இவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் பார்வை இந்தப் பக்கம் வந்தது, தலை அசைந்தது. இவள் எழுந்து போனாள். நான்கு பாட்டும் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பாட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.