தாத்தா பேத்தியை மன்னிக்கும் முடிவு ஏன் ஒட்டவில்லை?

உங்கள் கதையில் காதல் திருமணம் செய்த பேத்தியைத் தாத்தா கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார், படித்த எல்லாருமே அதைப் பொய் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது, காரணம் அழுகை இல்லை, தாத்தா எதையுமே இழக்காமல் மனம் மாறிவிடுகிறார்.

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' சிறுகதையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விதவையான பேத்தி கீதா மறுமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதுகிறாள், அவள் அப்பா கொதிக்கிறார், தலை மழித்து விதவையாகவே வாழ்ந்து கிழவியான கௌரிப் பாட்டி மகன் வீட்டை விட்டு அவளோடு இருக்கக் கிளம்பிவிடுகிறாள். ஆனால் தன் கோலத்தை மாற்றிக்கொள்ளவில்லை, பாருங்கள், அங்கேதான் கதை நிற்கிறது. தன் ஆசாரம் தனக்கு, பேத்தியின் வாழ்க்கை பேத்திக்கு.

உங்கள் கதைத் தாத்தாவும் கடைசிவரை அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாமலே இருக்கட்டுமே. என் தாத்தா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது மூக்குக்கண்ணாடிக் கூட்டை என் பைக்குள் திணித்து, "கால் ஒடிஞ்சிருக்கு, அங்க நல்ல கடை இருந்தா பாரு" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவ்வளவுதான் பேச்சு. அந்த மாதிரி ஒரு சின்ன வேலையைப் பேத்தியிடம் கொடுக்கச் சொல்லுங்கள், கட்டிப்பிடிப்பதை வெட்டிவிடலாம்.